கோணல் எந்தப் பக்கம்?

ஒருவருடைய வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. சிரிக்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ஓடுகிறது. அவருக்கு முகத்தில் நோய் எந்தப் பக்கம்?

'இடது' என்றுதான் சொல்லத் தோன்றும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் அப்படியே சொல்வார்கள். உண்மையில் நோய் வலப்பக்கம். கோணலாகத் தெரிகிற இடப்பக்கம்தான் நன்றாக இருக்கிறது.

கொச்சியில் ஓணம் வந்தால் வடம்வலி இல்லாமல் இருக்காது. நம் ஊரில் கயிறு இழுக்கும் போட்டி என்போமே, அதுதான். இரண்டு அணியும் சம பலத்தோடு இழுக்கும்போது வடத்தின் நடுவில் கட்டிய துணி அசையாமல் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு யாரும் இழுக்கவே இல்லை என்றுகூடத் தோன்றும். வலப்பக்க அணி திடீரென்று கையை விட்டால்? துணி இடப்பக்கம் பாயும். இடப்பக்க அணிமேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் எப்போதும்போல இழுத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் வாய் இப்போது நேராக இருக்கிறது என்றால் இரண்டு கன்னத்துத் தசைகளும் சமமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சும்மா இருக்கும்போதும் போட்டி நடக்கிறது.

இந்த ஒரு வடத்தைப் பிடித்துக்கொண்டே மூளை நரம்புக் கோளாறுகள் பலவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

முகத்தில் எத்தனை அணிகள் இருக்கின்றன, எது எதை அசைக்கிறது என்று தனித்தனியே பார்க்க ஆசையா? மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் போகிறவர்கள் மாலையில் கதகளி பார்க்காமல் திரும்பாதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் காட்சிகளில் ஒரு வசதி உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே போனால், நடிகர்கள் முகத்தில் பச்சை பூசுவதையும், தாடையோரம் வெள்ளைச் சுட்டி ஒட்டுவதையும் கிட்டே உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு ஒரு நடிகர் வந்து நவரசங்களையும் கண் அசைவுகளையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். புருவங்கள் தாளத்துக்கு ஏறி இறங்கும். கன்னச் சதை மட்டும் நடுங்கும். கருவிழி மேலே, கீழே, ஓரத்துக்கு, வட்டமாக, முதலில் மெதுவாகவும் பிறகு கண்ணே சுழன்றுவிடுமோ என்று நாம் பயப்படும் வேகத்திலும் ஓடும். கதகளி நடிகர் மேடையில் வசனம் பேசுவதில்லை. பாட்டுக்காரர்கள் பின்னால் நின்று பாடுவார்கள், கதை சொல்வது இவருடைய கையும் முகமும். அதனால்தான் இத்தனை பயிற்சி. 1930-இல் கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் முன்நின்று தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் கண்ணுக்கென்றே தனியாகச் சாதகம் உண்டு. கூடியாட்டம் என்ற கேரள நாடகக் கலையின் கலைஞர் மாணி மாதவ சாக்கியார் (1899–1990) கண்ணால் மட்டுமே ஒரு காட்சியை நடித்துக் காட்டுவதில் பெயர் பெற்றவர்.

இப்போது ஒரு நரம்பியல் மருத்துவரின் அறைக்குள் எட்டிப் பாருங்கள். "புருவத்தைத் தூக்குங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. பல்லைக் காட்டுங்க. கன்னத்தை உப்புங்க. தலையைத் திருப்பாம என் விரலை மட்டும் பாருங்க. நாக்கை நீட்டுங்க. ஆ சொல்லுங்க." கதகளி நடிகர் செய்து காட்டியவற்றில் பாதி இங்கேயும் நடக்கிறது, டிக்கெட் இல்லாமல். மருத்துவர் ரசிப்பதற்காகப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல அசைகிறதா என்று பார்க்கிறார். முகம் சும்மா இருக்கும்போது ஒளிந்துகொள்ளும் குறை, ஒரு வேலை கொடுத்ததும் வெளியே வந்துவிடும்.

இந்த வேலைகளையெல்லாம் செய்விப்பவை 12 இணை நரம்புகள். கபால நரம்புகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, மண்டை ஓட்டிலுள்ள துளைகள் வழியாக வெளியே வருபவை. முகத்துக்கு வருபவை தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் அசையாமல் போனவர்களால்கூடச் சிரிக்க முடிகிறது. பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் இவற்றை 7 இணை என்று எண்ணினார். 1664-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 9 என்றார். 1778-இல் ஜெர்மனியில் சாமுவேல் தாமஸ் சோமரிங் என்ற 23 வயது மாணவர், பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் 12 என்று பிரித்துக் காட்டினார். உலகம் முழுக்க இன்றும் அந்தக் கணக்குதான். மருத்துவர்கள் அவற்றின் நீளமான பெயர்களை விட்டுவிட்டு 'மூன்றாவது', 'ஏழாவது' என்று எண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். நாமும் அப்படியே பேசுவோம்.

ஏழாவதிலிருந்து தொடங்குவோம். சிரிப்பு, முறைப்பு, கண்ணடிப்பு எல்லாம் இதன் வேலை. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் ஒரு குறுகலான சுரங்கத்தில் புகுந்து வளைந்து வெளியே வந்து, கிளைகளாகப் பிரிந்து முகத்தில் பரவும். அந்தச் சுரங்கம்தான் தொல்லை. நரம்பு வீங்கினால் விரிவதற்கு எலும்பு இடம் தராது. நரம்பு தானே நசுங்கிப்போகும்.

அப்படி ஆகிவிட்டவரின் காலை எப்படி விடியும்? பல் துலக்கி வாய் கொப்புளிக்கும்போது ஒரு ஓரமாகத் தண்ணீர் ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் போயிருக்கும். சோறு சாப்பிட்டால் ஒரு கன்னத்துக்குள்ளேயே தங்கும். ஒரு கண்ணை மூட முடியாது. மூட முயன்றால் கருவிழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரியும். பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். ஆனால் கண்ணை மூடும்போது கருவிழி மேலே போவது கிட்டத்தட்ட நம் எல்லோருக்கும் நடப்பதுதான். இமை மூடிவிடுவதால் நாம் பார்ப்பதில்லை. இன்னும் இரண்டு வேடிக்கையான அடையாளங்கள் உண்டு. நாக்கின் முன்பகுதியில் அந்தப் பக்கத்துக்கு ருசி தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்த ருசியைச் சுமப்பதும் ஏழாவதுதான். அந்தப் பக்கக் காதில் சத்தம் அதிகமாகவும் கேட்கலாம். பெரிய ஓசை வரும்போது காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பைப் பிடித்து அடக்கும் ஒரு சின்னத் தசைக்கும் ஏழாவதுதான் ஆணையிடுகிறது. அது ஓய்ந்துவிட்டால் கதகளிச் செண்டை முன்னால் உட்காரவே முடியாது.

இதற்குப் பெல் வாதம் என்று பெயர். சர் சார்லஸ் பெல் எடின்பரோவில் பிறந்த அறுவை மருத்துவர், கை தேர்ந்த ஓவியர். 1806-இல், ஓவியர்கள் முகபாவங்களைச் சரியாக வரைய வேண்டும் என்பதற்காக முகத்தின் உடற்கூறு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1815-இல் வாட்டர்லூ போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்யப் போனவர், அவர்களைப் படமாகவும் வரைந்து வைத்தார். 1821-இல் முகத்தை அசைக்கும் நரம்பு எது என்று விளக்கி எழுதினார். முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்த ஒருவர் பெயர் இந்த நோய்க்கு அமைந்தது பொருத்தம்தான். ஆனால் முதலில் பார்த்தவர் அவர் இல்லை. சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி முகம் கோணுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் ஆயுர்வேத நூல்களில் இது அர்திதம். சித்த வைத்தியர்கள் முகவாதம் என்பார்கள். ஊர்ப் பக்கம் 'பேய் அறைஞ்சிடுச்சு' என்பார்கள். பேய்க்கு ஏழாவது நரம்பை மட்டும் தேடிப் பிடித்து அறையத் தெரியும் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இது அரிய நோய் இல்லை. மலையாள நடிகரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மிதுன் ரமேஷ் 2023-இல் தனக்கு வந்திருப்பதை வீடியோவில் தானே சொன்னார். 2022-இல் பாடகர் ஜஸ்டின் பீபரும் பாதி முகம் அசையாத நிலையில் வீடியோவில் வந்து பேசினார். அவருக்கு வந்தது இதன் உறவுக்கார நோய். சின்னம்மைக்குப் பிறகு உடம்பில் பதுங்கியிருந்த வைரஸ் மறுபடி எழுந்து ஏழாவதைத் தாக்குவது. பெல் வாதம் வந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மருந்தே இல்லாமலும் முழுதாகச் சரியாகிவிடும். முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடும். மூடாத கண் வறண்டு புண்ணாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதுவரைக்கும் பெரிய வேலை.

ஆனால் வாய் கோணிய எல்லாருக்கும் பெல் வாதம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மூளைக்குள் ரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தாலும் வாய் கோணும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நெற்றி. புருவத்தைத் தூக்கச் சொன்னால், பெல் வாதக்காரருக்கு அந்தப் பக்க நெற்றியில் ஒரு சுருக்கமும் விழாது. பக்கவாதக்காரருக்கோ வாய் கோணியிருந்தாலும் இரண்டு புருவமும் பெரும்பாலும் ஏறும். காரணம் இதுதான்: முகத்தின் கீழ்ப்பாதிக்கு மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும் கட்டளை வருகிறது. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒரு பக்க மூளை கெட்டாலும் மற்றது நெற்றியைக் காப்பாற்றிவிடும். ஏழாவது நரம்பே நசுங்கிவிட்டால் இரண்டு கட்டளையும் போய்ச் சேராது. ஆக, பார்க்கக் கொஞ்சமாகக் கெட்டிருக்கும் முகம்தான் அதிக ஆபத்தில் இருக்கிறது!

இதைத் தெரிந்துகொண்டு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாருக்காவது வாய் திடீரென்று கோணினால் பெரியவர்களைக் கூப்பிட்டு 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். ஒரு கை தளர்ந்தாலும் பேச்சு குழறினாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடப்படும்.

அடுத்து, கண். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு கருவிழியையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. வடம்வலியில் இரண்டு அணிதான், இங்கே ஆறு. இந்த ஆறுக்கும் மூன்று நரம்புகள்: வெளிப்பக்கம் இழுக்கும் ஒரே தசைக்கு ஆறாவது. ஒரு கப்பி வழியாக ஓடிக் கண்ணைக் கீழே சாய்க்கும் தசைக்கு நாலாவது. மீதி நான்குக்கும் மூன்றாவது. இமையைத் தூக்குவதும், வெளிச்சத்தில் கண்ணின் பாப்பாவைச் சுருக்குவதும்கூட மூன்றாவதுதான்.

ஆறாவது ஓய்ந்தால்? வெளிப்பக்கம் இழுக்க ஆள் இல்லை, கண் மூக்கைப் பார்த்துத் திரும்பிவிடும். இரண்டு கண்ணும் வெவ்வேறு பக்கம் பார்ப்பதால் ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகப் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஒரு கண்ணைக் கையால் மூடினால் இரட்டை ஒன்றாகிவிடும். எந்தக் கண்ணை மூடினாலும் சரி. மூடியும் இரட்டையாகவே தெரிந்தால் கோளாறு நரம்பில் இல்லை, திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கக்கூடும். எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையை நான் அழகான சோதனை என்பேன். ஆறாவதிடம் ஒரு வம்பும் உண்டு. அது மண்டைக்குள் நீண்ட, இசகுபிசகான வழியில் போவதால், மூளைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் இழுபட்டுத் தளர்ந்துவிடும். கண் காட்டிக்கொடுக்கிறது, குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

நாலாவது மிக மெல்லியது. அது கெட்டால் ஒரு பொருள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரியும், முக்கியமாகப் புத்தகம் படிக்கும்போதும் படி இறங்கும்போதும். அந்த இரட்டையைச் சரிசெய்ய, தானே அறியாமல் தலையை எதிர்ப்பக்கத் தோளுக்குச் சாய்த்துக்கொள்வார்கள். பிறவியிலேயே இது இருக்கும் குழந்தைக்குக் கழுத்தில்தான் கோளாறு என்று பல வருடம் நினைத்திருப்பார்கள். கண் மருத்துவர் பழைய ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வார். மொட்டை போட்ட படம், முதல் பிறந்தநாள், பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று ஒவ்வொன்றிலும் தலை அதே பக்கம் சாய்ந்திருந்தால், இது நேற்று வந்த நோய் இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

மூன்றாவது விழுந்தால் இமை இறங்கிக் கண் மூடிவிடும். விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தால் கருவிழி வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக ஒதுங்கியிருக்கும். ஏன் அங்கே போனது? மிஞ்சியிருப்பவர்கள் ஆறாவதும் நாலாவதும்தான். ஒருவர் வெளியே இழுக்கிறார், ஒருவர் கீழே இழுக்கிறார். மருத்துவர் உடனே டார்ச் அடித்துப் பாப்பாவைப் பார்ப்பார். பாப்பாவுக்குப் போகும் இழைகள் இந்த நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஏதாவது நரம்பை அழுத்தினால், உதாரணமாக ரத்தக் குழாயில் ஒரு வீக்கம், முதலில் அடி வாங்குவது அவைதான், பாப்பா பெரிதாகிவிடும். சர்க்கரை நோயில் பாதிக்கப்படுவது நரம்பின் உட்பகுதி, அதனால் பாப்பா பெரும்பாலும் தப்பிவிடும். தாங்கமுடியாத தலைவலியோடு ஒரு கண் மூடிப் பாப்பாவும் விரிந்திருந்தால் மருத்துவமனையே ஓட்டம் பிடிக்கும். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணைத் திறக்க முடியாவிட்டால் மூன்றாவது, மூட முடியாவிட்டால் ஏழாவது.

இரண்டு இமையும் ஒரே சமயத்தில் இறங்கினால்? இங்கே பக்கத்தைப் பக்கத்தோடு ஒப்பிடும் நம் வித்தை செல்லாது. இரண்டு அணியும் சேர்ந்தே கையை விட்டுவிட்டன, வடம் நேராகவே கிடக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இதற்கு முக்கியமான ஒரு காரணம் உண்டு: பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போவதைத் தடுத்துவிடும், முதலில் தெரிவது இமைச் சோர்வுதான். கட்டுவிரியன் இரவில், தூங்குபவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடக் கூடாது. மருந்து இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்தும் அந்த மருந்து தயாராகிறது.

நாக்குக்கு வந்தால் நம் கணக்கு தலைகீழாகும். நாக்கை நீட்டச் சொன்னால் அது நோயுள்ள பக்கமே சாயும். நாக்கை நீட்டுவது இழுக்கும் வேலை இல்லை, தள்ளும் வேலை. வலப்பக்கத் தசை நாக்கை முன்னாலும் இடப்புறமாகவும் தள்ளும், இடப்பக்கத் தசை வலப்புறமாகத் தள்ளும். வலது ஓய்ந்தால் இடதின் தள்ளலில் நாக்கு வலப்பக்கம் போய்விடும். இது பன்னிரண்டாவது. 'ஆ' சொல்லும்போது உள்நாக்கு மேலே போவது பத்தாவதின் வேலை. அங்கே மறுபடி இழுப்பு, ஆகவே நல்ல பக்கம்தான் சாயும். தொண்டை அடைப்பான் நோயில் சில வாரம் கழித்து இந்தப் பகுதி செயலிழந்து, குடித்த பால் மூக்கு வழியே வருவதுண்டு. 2016-இல் மலப்புறம் மாவட்டத்தில் அந்த நோய் மறுபடி தலைகாட்டியது. அதற்கான தடுப்பூசியை நீங்கள் குழந்தையிலேயே போட்டிருப்பீர்கள். பதினோராவதைச் சோதிக்கத் தோளைக் குலுக்கிக் காட்டினால் போதும்.

முதலாவது, வாசனை. மட்டாஞ்சேரி யூதர் தெருவிலும் பஜார் ரோட்டிலும் சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசம் சேர்ந்து வரும். இங்கே நிறுத்தினால் யாருடைய முதல் நரம்பையும் சோதித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது! மிளகுக் காரம் மூக்கில் ஏறித் தும்ம வைப்பது முதலாவது இல்லை, தொடுதலையும் எரிச்சலையும் உணரும் ஐந்தாவது. வாசனையே தெரியாதவரும் மிளகு மூட்டைக்கு முன்னால் தும்முவார். அதனால் மருத்துவர்கள் காப்பித்தூள் போன்ற எரிச்சல் இல்லாத ஒன்றை எடுத்து, ஒரு மூக்குத் துளையை மூடி மறு துளையில் காட்டுவார்கள்.

அடிபட்ட ஏழாவது நரம்பு எப்படிச் சரியாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இழைகள் அறுந்திருந்தால் அவை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் மறுபடி வளரும். வழி தவறுவதும் உண்டு. வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விட்டால், சிரிக்கும்போதெல்லாம் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். எச்சில் சுரக்கும் சுரப்பிக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால் இன்னும் விசித்திரம்: சுடச்சுடப் புட்டும் கடலையும் தட்டில் வந்து, வாயில் ஒரு கவளம் வைத்ததும், சோகம் ஒன்றும் இல்லாமலே அந்தப் பக்கக் கண்ணிலிருந்து மட்டும் கண்ணீர் வழியும். கண்ணீர்ச் சுரப்பியில் மிகச் சிறிய அளவு பொட்டுலினம் ஊசி போட்டால் சில மாதங்களுக்கு அது நிற்கும். பிறகு மறுபடி போட வேண்டும்.